மூணு முடிச்சு

சமணர் மலையடிவாரத்துப் பிளேக் கொட்டகைக்குள் முருகம்மாள் வேலைக்கு நுழைந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கார்பாலிக் நெடி, நோயாளிகளின் இளைப்பு. மருந்தில் நனைத்த துணியால் மூக்கோடு வாயையும் மூடி, அதன் வெள்ளை நாடாவைப் பின்கழுத்தில் முடிந்துகொண்டாள்.

எரிச்சலில் உயிர் போனது. நாள் முழுக்க ஈரத்துணி உரசி மூக்குத்தண்டு புண்ணாகி, கன்னம் தோலுரிந்து கிடந்தது. துணியை அவிழ்த்தால் வேலை போச்சு என்பது துரைத்தனத்து உத்தரவு. பெரிய நர்ஸம்மாவிடம் அழுதால், "மொகம் பெருசா, உசுரு பெருசா?" என்று ஒரே பாட்டு. முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வரன் ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை பரவையிலிருந்து அடுத்த வரன் வருகிறது. இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான்.

கூட வேலை பார்த்து, தினமும் துணியைக் கட்டிவிட்ட ஒச்சாயி அக்காவும் இப்போது இல்லை. புகையிலையை அதக்கிக்கொண்டே, "மூணு முடிச்சுப் போட்டுட்டேன்டி, இனி ஒன்னைய எவனும் கொண்டு போக முடியாது" என்று சிரிப்பாள். தன் புண் பொறுக்காமல் ஒருநாள் துணியை அவிழ்த்துவைத்தாள், நோய் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடுமுன், "வாரேன்டி" என்றாள்.

போகும்போது எல்லாரும் சொல்வதுதானே என்று முருகம்மாள் இருந்துவிட்டாள்.

இன்று எரிச்சல் தாளாமல், அக்கா படுத்திருந்த கட்டிலோரம் நின்று தன் முடிச்சைத் தளர்த்தினாள்.

முடிச்சு இறுகியது.

பின்னால் யாருமில்லை. புகையிலை வாசனை மட்டும்.

"அக்கா, விடுக்கா. வெள்ளிக்கெழம என்னையப் பொண்ணு பாக்க வாராக."

"அவுக்காதடி," என்றது காதோரத்தில் ஒரு மூச்சு.

ஆத்திரம் பயத்தை விழுங்கியது. கத்தரிக்கோலால் துணியை வெட்டி எறிந்தாள். "இந்த வேலையும் வேணாம், நீயும் வேணாம்!"

வீட்டில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசினாள். புண் ஆறியது; பரவைக்காரர்களுக்குப் பிடித்தும் போனது.

கல்யாணத்தன்று, அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தங்கை தாலி கட்ட வந்தாள். கூந்தலை ஒதுக்கியவள் கை அப்படியே நின்றது.

"என்ன மதினி இது? கழுத்துல வெள்ளை நாடா... மூணு முடிச்சு ஏற்கெனவே கெடக்கே!"

முருகம்மாளின் மூக்குத்தண்டு எரிந்தது. புகையிலை வாசனை வந்தது.

"அவுத்துவிடுங்க!" என்று அலறினாள்.

ஆளாளுக்கு அவிழ்க்கப் பார்த்தார்கள். அவிழ்க்க அவிழ்க்க அது இறுகியது.