முதல் கூப்பாட்டுக்குப் பதில்

அடுப்பில் பால் பொங்கி வந்தது. தீயைக் குறைக்க உமாராணி கையை நீட்டியபோதுதான் கூடத்திலிருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்டது.

"சொல்லுங்க, இங்கனதான் இருக்கேன்."

கை அப்படியே நின்றது. பேசினது மேசை மேல் திறந்து கிடந்த லேப்டாப். அதில் வருகிற குரல் அவள் பதிவு பண்ணிக் கொடுத்த குரல். யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லு என்று அதற்குச் சொல்லி வைத்ததும் அவளேதான். அதுவரைக்கும் ஒரு அதிசயமும் கிடையாது. ஆனால் யாரும் கூப்பிடவில்லையே? கூப்பிட முதலில் வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த மாடி வீட்டில் அவள் ஒருத்திதான். தூத்துக்குடியில், கடல்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவாக உதிர்கிற தெரு அது. கீழே வீட்டுக்காரி மெட்டில்டா அக்கா, மேலே இவள். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அமையவில்லை. ஏன் அமையவில்லை என்று குடைந்து குடைந்து கேட்டவர்களும் ஒவ்வொருவராகக் கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்காமல் விட்ட பிறகு அதைவிட மோசமாக இருந்தது.

கடைக்காரர்களுக்கு சாட்பாட் செய்து கொடுப்பது அவள் தொழில். கடைக்காரருக்குப் பதிலாக வாடிக்கையாளரோடு பேசுகிற கம்ப்யூட்டர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று மென்பொருள் இருக்கிறது. திரையில் கட்டம் கட்டமாக இழுத்துப் போட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் போதும். ஒரு கட்டத்தில் விலை, ஒன்றில் முகவரி, ஒன்றில் கடை நேரம். ஒரே கேள்வியை மனுசர் எத்தனை விதமாகக் கேட்பார்களோ அத்தனை விதத்தையும் எழுதி ஊட்ட வேண்டும், அதுதான் முதுகு ஒடிகிற வேலை. எந்தக் கட்டத்திலும் அடங்காத கேள்வி வந்தால், புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க என்று கேட்கும்படி ஒரு கட்டம் வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க உமா ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வணக்கம் எழுதுவாள். சோதித்துப் பார்க்கிற சாக்கில் தானே வாடிக்கையாளராகக் கேட்டு, பதிலையும் தானே கேட்டுக்கொள்வாள். சில நாட்களில் அந்த வீட்டில் நடக்கிற பேச்சே அவ்வளவுதான்.

இப்போது கையில் இருந்தது உடன்குடி வன்னியபெருமாள் அண்ணாச்சியின் கருப்பட்டிக் கடைக்கான வேலை. அண்ணாச்சி சங்கதி ஒரு தனிச் சங்கதி. போன் அடித்தால் எடுக்க மாட்டார். முழுசாக அடித்து ஓயவிடுவார். இரண்டாம் தடவையும் ஓயவிடுவார். மூன்றாவது தடவை அடித்தால்தான் எடுத்து, என்னமும் நடக்காதது மாதிரி, சொல்லுங்க என்பார். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகிப்போனது. வெளியூர்க்காரன் அடுத்த கடைக்குப் போய்விடுகிறான் என்று மகன் தலையில் அடித்துக்கொண்டுதான் உமாவிடம் வந்தான்.

உமாவுக்கும் உடன்குடிதான் சொந்த ஊர் என்பதால் இதில் விளங்காதது ஒன்றும் இல்லை. பனங்காட்டு ஊர்களில் உச்சிப் பொழுதிலும் அந்தி நேரத்திலும் வெளியே இருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு 'ஏன்' என்று கேட்க மாட்டார்கள். இரண்டாவதுக்கும் வாயைத் திறப்பதில்லை. மூன்றாவது கூப்பிட்டால்தான் மனுசன். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும், திருப்பிக் கூப்பிட அதற்குத் தெரியாது. பதில் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறாள். ஏளா, பேசாம இரி, என்றதோடு சரி, ஒருத்தரும் விளக்கிச் சொன்னதில்லை. ஆனால் பழக்கம் நாக்கில் ஊறிவிட்டது. சென்னையில் வேலை பார்த்த காலத்திலும் முதல் இரண்டு கூப்பாட்டுக்கு அவள் வாய் திறக்காது. மூன்றாவதுக்கு, எச்சில் விழுங்குகிற மாதிரி, தானாக 'ஏன்' என்று வந்துவிடும்.

வாடிக்கையாளர்கள் டைப் பண்ண மாட்டார்கள், பேசத்தான் செய்வார்கள் என்பதால் காது கேட்கிற, வாய் பேசுகிற சாட்பாட்டாகவே செய்தாள். மெஷின் குரல் கருப்பட்டியைச் செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னதால் பதில்களையெல்லாம் தன் குரலிலேயே பதிவு பண்ணினாள். எல்லாம் முடிகிற நேரத்தில் அண்ணாச்சி ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். அது முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லுமா, மூணாவதுக்குச் சொல்ல வைக்க முடியாதா என்று. உமா சிரித்துவிட்டாள். டக்கென்று பதில் சொல்லத்தானே அண்ணாச்சி இதைச் செய்வதே என்றாள்.

பாலை இறக்கி வைத்துவிட்டு உமா கூடத்துக்கு வந்தாள். அந்தி நேரம், மழை விட்டு வானம் மூடிக் கிடந்தது. ஜன்னல் வழியாக ஈர மண்ணும் கருவாடும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது. சோதனைக்காகத் திறந்து வைத்த மைக்கை அணைக்க மறந்திருக்கிறாள், அவ்வளவுதான். தெருவில் போனவன் சத்தமாக இருக்கும், மாதாகோயில் ஒலிபெருக்கியாக இருக்கும். திரையில் இரண்டு பத்தி ஓடும். காதில் விழுந்தது ஒரு பக்கம், பதிலாகச் சொன்னது மறுபக்கம்.

காதில் விழுந்தது: உமா.

பதில்: சொல்லுங்க, இங்கனதான் இருக்கேன்.

அவளுக்குச் சுருக்கென்றது. கடைக்கான சாட்பாட்டில் அவள் பேர் எங்கேயும் இல்லை. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தெருவில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. ஆள் இல்லை. கீழே மெட்டில்டா அக்காவின் மிக்ஸி ஓடி நின்றது. அவள்தான் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. மெட்டில்டா அக்கா கூப்பிட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பதையும், தனக்கு எதுவும் கேட்கவில்லை என்பதையும் அவள் அப்போது யோசிக்க விரும்பவில்லை.

திரும்பி வந்தபோது திரையில் ஒலியைக் காட்டுகிற பச்சைக் கோடு துள்ளியது. அறையில் பேச்சுச் சத்தம் ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம், வெளியே ஓட்டுவிளிம்பில் நீர் சொட்டுகிற சத்தம், தன் காதுக்குள்ளேயே ரத்தம் ஓடுகிற சத்தம், இவ்வளவுதான் அவளுக்குக் கேட்டது. கோடு மட்டும் யாரோ வாயை மைக்கில் வைத்துப் பேசுகிற மாதிரி ஏறி இறங்கி அடங்கியது.

காதில் விழுந்தது: வீடு எது.

அது முகவரிக் கட்டத்துக்குப் போனது. சோதனைக்கு எதையாவது போட வேண்டுமே என்று உமா தன் வீட்டு முகவரியையே போட்டிருந்தாள். அவள் குரல் அதைத் தெளிவாக, சிரித்த மாதிரி, தெருப் பேரோடு சொன்னது. மாடிப்படி இடது பக்கம் என்றது.

காதில் விழுந்தது: திறந்திருக்கா.

"எப்பவும் திறந்திருக்கும். வாங்க," என்றது கடை நேரக் கட்டம்.

அவள் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் ஈரத்தில் பிசுபிசுத்தது. முதுகைக் கதவில் சாய்த்து நின்று திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு மறுபடியும் துள்ளியது.

காதில் விழுந்தது: கூட யாரு.

அதற்குக் கட்டம் இல்லை. கருப்பட்டிக் கடைக்காரரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

"புரியல. இன்னொரு தடவ சொல்லுங்க," என்றது அவள் குரல்.

ஒரு இடைவெளி. வழக்கத்தைவிட நீளமான இடைவெளி. யாரும் இதுவரை தன்னிடம் கேட்காததைக் கேட்டுவிட்ட மாதிரி அந்தப் பக்கம் எதுவோ திகைத்து நின்றது. கோடு தட்டையாகக் கிடந்தது. பிறகு மெல்ல, பழக்கமில்லாத வேலையைச் செய்து பார்க்கிற மாதிரி, லேசாக எழும்பியது.

காதில் விழுந்தது: கூட யாரு.

"புரியல. இன்னொரு தடவ சொல்லுங்க."

காதில் விழுந்தது: கூட யாரு.

அப்போதுதான் உமாவுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று உறைத்தது. திருப்பிக் கூப்பிட அதற்குத் தெரியாது. அந்த ஒன்றை நம்பித்தான் ஊரே வாயை மூடிக்கொண்டு பிழைத்துக் கிடந்தது. இப்போது அவள் செய்த சாட்பாட், அவள் குரலில், பொறுமையாக, ஒரு டீச்சர் மாதிரி, அதற்கு அதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"யாரும் இல்ல," என்றது லேப்டாப். "நான் மட்டும்தான்."

அதை அவள் பதிவு பண்ணவே இல்லை. சத்தியமாக இல்லை. அந்தக் குரலில் சிரிப்பும் இல்லை. ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல் அது.

லேப்டாப்பை அடித்து மூடினாள். மூடினதை எடுத்து பீரோவுக்குள் துணிக்கு நடுவே திணித்தாள். பீரோவைப் பூட்டினாள். சாவி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

வாயைத் திறக்கக் கூடாது. அது ஒன்றுதான். எத்தனை தடவை கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. சாட்பாட் சொன்னது சொன்னதாகவே போகட்டும், சொன்னது மெஷின், நானில்லை. மெட்டில்டா அக்காவைச் சத்தம் போட்டுக் கூப்பிடலாம் என்றால் அதற்கும் வாயைத் திறக்க வேண்டும். ஆனாலும் யாராவது ஒருத்தர் குரல் கேட்டால் போதும் என்று இருந்தது. யாருடைய குரலாவது. அண்ணாச்சி நம்பரைப் போட்டாள்.

அடித்தது. அடித்து ஓய்ந்தது.

மறுபடி போட்டாள். எடுங்க அண்ணாச்சி. மனசுக்குள் கெஞ்சினாள். அடித்து ஓய்ந்தது.

மூன்றாவது தடவைக்கு விரலை வைத்தாள். அப்போது அவள் காதாலேயே கேட்டாள்.

"உமா."

மாடிப்படியின் அடியிலிருந்து. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. தண்ணீருக்குள் இருந்து வருகிற குரல்.

பல்லைக் கடித்தாள்.

"உமா."

பாதிப் படியில். இப்போது கொஞ்சம் மனுசத் தன்மை வந்திருந்தது. எங்கேயோ வைத்த பொருளைத் தேடிக்கொண்டே கூப்பிடுகிற குரல். அம்மா போன பிறகு அந்தப் பேரை இப்படி, சாப்பிட வா என்கிற மாதிரி, ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அவளுக்குப் பயத்தோடு பயமாக அழுகையும் வந்தது. கையால் வாயைப் பொத்தினாள். அழுத்திப் பொத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்பக் கிட்டே, செல்லமான ஒரு சலிப்போடு:

"உமா."

"ஏன்?"

விரல் இடுக்கு வழியாக வந்துவிட்டது. அவள் சொல்லவில்லை. நாக்கு சொன்னது. பிறந்ததிலிருந்து பழகின நாக்கு.

ஒன்றும் நடக்கவில்லை. கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. படியில் யாரோ இறங்கிப் போகிற சத்தம் மட்டும். அவசரமே இல்லாத நடை.

கையில் இருந்த போனில் பேச்சுக் குரல் கேட்டது. விரல் பட்டு எப்போதோ அழைப்பு போயிருக்கிறது. அண்ணாச்சி எடுத்துவிட்டார். சொல்லு உமா, என்றார். உமா சொன்னாள். அண்ணாச்சி என்று சொன்னாள், காப்பாத்துங்க என்று சொன்னாள். உதடு அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. காற்றுகூட வரவில்லை. ஹலோ, ஹலோ, என்று பார்த்துவிட்டு, லைனு சரியில்லை போலுக்கு என்று யாரிடமோ சொல்லியபடி அண்ணாச்சி வைத்துவிட்டார்.

கீழே வாசலில் அவளுடைய குரலே கேட்டது.

"மெட்டில்டாக்கா, நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்."

உமா ஜன்னலுக்கு ஓடினாள். மெட்டில்டா அக்கா முக்காடு போட்டு, ஜெபமாலையும் குடையுமாகக் கோயிலுக்குக் கிளம்பி நின்றாள். எதிரே ஆள் இல்லை. தேங்கின தண்ணீர் மட்டும் ஒரு இடத்தில் கலங்கிக்கொண்டிருந்தது. மெட்டில்டா அந்த இடத்தைப் பார்த்து, இந்த மழை நேரத்திலயா ளா போற, பையப் போ, என்று பிரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குடையைக்கூடக் கொஞ்சம் ஒதுக்கி வழி விட்டாள்.

உமா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். துரு கொட்டியது. ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது.

மெட்டில்டா அண்ணாந்து பார்த்தாள். நேராக. கூடத்து விளக்கு வெளிச்சத்தில் கம்பியோடு கம்பியாக முகத்தை அழுத்தி, வாயைப் பிளந்து நிற்கிற உமாவை, நேராக.

"மேல லைட்டு எரியுதே. யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா," என்றது உமாவின் குரல். "காத்துக்கு ஜன்னல் அடிக்கி. நீங்க கேட்டைப் பூட்டிட்டுப் போங்க."

மெட்டில்டா அக்கா தலையாட்டினாள். கேட்டை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, பூட்டிவிட்டதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்துவிட்டு, பக்கத்தில் வருகிறவளோடு பேசிக்கொண்டே தெருவில் நடந்தாள்.