நெடுந்தீவாளின் முதல் ஓட்டம்

யாக்கோப்புவின் கொட்டிலில் மூன்று ஒல்லாந்துச் சைக்கிள்கள் நின்றன. மூன்றுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். பாதிரியார், கப்பலார், படலையார்.

பாதிரியார், ஒரு பழைய குருமனையைத் துப்புரவாக்கியபோது கிடைத்தது. கப்பலாரைக் காரைநகர்க் கப்பற்காரர் ஒருவர் ஒல்லாந்துத் துறைமுகத்தில் வாங்கிக் கப்பலில் ஏற்றி வந்திருந்தார். படலையாரை யாக்கோப்பு கண்டெடுத்தது மண்கும்பானில். அங்கே ஒரு வீட்டு வேலியில் அது படலையாக, வாசற்கதவுபோலக் கட்டப்பட்டிருந்தது. யாக்கோப்பு அந்த வீட்டுக்காரருக்குப் பனைமட்டையில் புதுப் படலை செய்து கொடுத்துவிட்டு, பழைய படலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

ஊர்காவற்றுறையில் வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்துவதுதான் அவருடைய தொழில். ஆனால் 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீவுகளுக்கு எண்ணெய் வருவது நின்றுபோயிற்று. வள்ளங்கள் பாய் விரித்து ஓடின. இயந்திரங்கள் சும்மா கிடந்தன. யாக்கோப்புவுக்குச் சைக்கிள்களைத் திருத்த வேண்டிய அளவு நேரம் கிடைத்தது.

அவருக்கு உதவியாள் மகள் மாக்கிறேற். வயது பதினொன்று. எந்த ஸ்பானர் எந்த நட்டுக்குப் பொருந்தும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

"மாக்கி பூட்டினால் நான் திரும்பிப் பாக்கத் தேவையில்லை," என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் ஒன்றும் கேட்காதவள்போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

மாசி மாதத்தில் நெடுந்தீவிலிருந்து நான்காவது சைக்கிள் வந்தது. முழுதாக அல்ல, மூன்று சாக்குகளில் வந்தது. பெண்கள் ஓட்டும் சைக்கிள். சட்டம் ஒரு சாக்கில், சில்லுகள் ஒரு சாக்கில், மற்றதெல்லாம் இன்னொன்றில்.

"நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைச்ச பேர் டெல்வ்ற். அவையின்ரை நாட்டிலையும் டெல்வ்ற் எண்டு ஒரு ஊர் இருக்காம்," என்றார் அப்பா. "அங்கையிருந்து இங்கை வந்து துருப்பிடிச்சுப் போனாள் பாவம். இவளுக்கு நெடுந்தீவாள் எண்டு பேர் வைப்பம்."

மண்ணெண்ணெய் கிடைக்காததால் தேசிக்காய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் துருவைத் தேய்த்தார்கள். சங்கிலியைத் தேங்காயெண்ணெயில் ஊறப் போட்டார்கள்.

"சங்கிலிக்கு எண்ணெய் இருக்கு, என்ரை தலைக்குத்தான் இல்லை," என்றாள் அம்மா றோசம்மா.

மாக்கிறேற் எதற்கும் சலிக்கவில்லை. நெடுந்தீவாள் தனக்குத்தான் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாள். தன்னுடைய பிஸ்கற் தகரப்பேணியைத் திறந்து, அதற்குள் இருந்த மணியைத் தினமும் துடைத்து வைத்தாள். அது கப்பற்காரர் அவளுக்குக் கொடுத்த ஒல்லாந்து மணி. மூடியில் ஒரு காற்றாலை பொறித்திருந்தது. எல்லா வேலையும் முடிந்தபிறகு, கடைசியாக அந்த மணியை நெடுந்தீவாளின் கைபிடியில் பூட்ட வேண்டும்.

அப்போதுதான் அடுத்த வீட்டுக்குச் சீதேவி வந்தாள்.

சீதேவியின் குடும்பம் இறுப்பிட்டியைச் சேர்ந்தது. அவளுடைய தந்தைக்கு ஊர்காவற்றுறை அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு மாற்றம் கிடைத்திருந்தது. அவளுக்கும் வயது பதினொன்று. வயலின் பழகுகிறவள். முதல் நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். இரண்டாம் நாள் கொட்டில் வாசலில் நின்றாள். மூன்றாம் நாள் உள்ளே வந்துவிட்டாள்.

அன்று அப்பா பின்சில்லின் நெளிவை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக எடுக்கிறார். ஒரு கம்பியை இறுக்கினால் இன்னோர் இடம் நெளிந்தது.

சீதேவி குனிந்து, ஒரு கம்பியை விரலால் சுண்டினாள். அடுத்ததைச் சுண்டினாள். பிறகு அதற்கடுத்தது.

"மாமா, இந்தக் கம்பி மற்றதுகளை விடச் சுருதி இறங்கியிருக்கு," என்றாள்.

அப்பா சிரித்தார். ஆனாலும் அந்தக் கம்பியை இறுக்கினார். சில்லைச் சுழற்றினார். நெளிவு பாதியாகக் குறைந்திருந்தது.

"மற்றக் கம்பியளையும் ஒருக்கால் சுண்டும் பிள்ளை," என்றார் அப்பா. அவருடைய குரலில் சிரிப்பு இல்லை.

முப்பத்தாறு கம்பிகளையும் சுண்டி முடித்தபோது சில்லு நேராகச் சுழன்றது.

"மாக்கி, பாத்தியே? இந்தப் பிள்ளையின்ரை காது இருக்கே, அது காது."

மாக்கிறேற்றின் நெஞ்சுக்குள் சின்ன நண்டு ஒன்று கவ்வியது.

மறுநாள் காலை, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அவள் கொட்டிலுக்குப் போய்க் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தாள். முதல் கம்பி 'டங்' என்றது. இரண்டாவதும் 'டங்' என்றது. முப்பத்தாறும் 'டங்' என்றன. நண்டு இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

அதற்குப் பிறகு சீதேவி எது செய்தாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சீதேவி துணியை மடித்து வைத்தால், "அது எண்ணெய்த் துணி, மடிக்கிறேல்லை," என்றாள். மடிக்காமல் வைத்தால், "இதென்ன குப்பையோ?" என்றாள். சீதேவி ஒன்றுக்கும் கோபிக்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடியும் கட்டத்துக்கு வந்தது. மிச்சம் இருந்தது பிறேக் மட்டும்தான்.

இந்த ஒல்லாந்துச் சைக்கிள்களில் கைபிறேக் கிடையாது. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால்தான் சைக்கிள் நிற்கும். பின்சில்லின் நடுவிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டிருக்கும். அதைச் சட்டத்தோடு சேர்த்து, சின்னப் போல்ட் ஒன்றால் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் அந்தக் கை சும்மா சுழலும். பிறேக் பிடிக்காது.

அந்த வேலை எப்போதும் மாக்கிறேற்றின் வேலை. அவள் போல்ட்டை மாட்டிவிட்டு, நட்டைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்குப் பூசை முடிய இவளை இறங்குதுறை வரைக்கும் ஓடிப் பாப்பம்," என்றார் அப்பா. "சீதேவிப் பிள்ளை, முதல் ஓட்டம் நீர்தான். நீர் இல்லாட்டி அந்தச் சில்லு இண்டைக்கும் நெளிஞ்சுகொண்டுதான் இருக்கும்."

"நானோ, மாமா?"

"ஓம், நீர்தான்."

மாக்கிறேற்றின் கை நட்டோடு சேர்ந்து மூடிக்கொண்டது. அப்படியே அந்தக் கை பாவாடைப் பைக்குள் போயிற்று.

"மாக்கி, முடிஞ்சுதோ?"

"ஓம்," என்றாள் மாக்கிறேற்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. மாக்கி பூட்டினால் அவர் பார்ப்பதில்லை.

பின்னேரம் வரையில் அவளுக்கு அது நல்ல வேலையாகத்தான் தோன்றியது. பிறேக் பிடிக்காமல் சீதேவி தடுமாறுவாள். அப்பா, "மாக்கி, நீ வந்து ஓடு," என்பார். அதைத்தான் அவள் மனதில் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

பிறகு தண்ணீர் அள்ளப் போனபோது வீதியைப் பார்த்தாள். வீதி இறங்குதுறை வரைக்கும் நேராகப் போகிறது. கடைசியில் கொஞ்சம் சரிகிறது. சரிவு முடியும் இடத்தில் கடல். மனதில் பார்த்தபோது அந்தக் கடலை அவள் பார்க்க மறந்திருந்தாள்.

வாளியை வைத்துவிட்டு ஓடினாள். மத்தியானம் கழற்றிப் போட்ட பாவாடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா தோய்த்துவிட்டாள். பைக்குள் கையை விட்டாள். கை, பையின் அடியில் இருந்த ஓட்டையால் வெளியே வந்தது.

குசினியிலிருந்து மா அரிக்கும் அரிதட்டை எடுத்துவந்து, கிணற்றடியிலிருந்து கொட்டில் வரைக்கும் மணலை அரித்தாள். ஒரு சிப்பி கிடைத்தது. ஒரு சட்டைத் தெறி கிடைத்தது. நட் கிடைக்கவில்லை.

"என்னடி, மணலிலை புட்டு அவிக்கப் போறியோ?" என்றாள் அம்மா. "அரிதட்டை வை அங்கை."

அப்பாவின் நட் பேணியில் நூறு நட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். இரண்டு சுற்றுப் போய் எல்லாம் இறுகி நின்றன. அப்பா எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். இந்தச் சைக்கிள்களில் நட்டுக்குள் ஓடும் மரை வேறு. ஊரில் ஓடுகிற இங்கிலீசுச் சைக்கிளின் நட் இவற்றுக்கு ஏறாது. அதற்காகத்தான் அவர் பழுதாய்ப்போன ஒல்லாந்துத் துண்டுகளைக்கூட எறியாமல் சேர்த்து வைக்கிறார். அந்தத் துண்டுகளையும் கிளறிப் பார்த்தாள்; அவற்றில் இந்தப் பருமன் நட் இல்லை.

பாதிரியாரில் அதே நட் இருந்தது. ஆனால் அப்பா தினமும் ஓடுவது பாதிரியாரில். கப்பலாரையும் படலையாரையும் பார்த்தாள். அவர்களுடையதைக் கழற்றினால் இன்னொருவர் பிறேக் இல்லாமல் போவார்.

பிறகு அவளுக்கு ஓர் இடம் நினைவுக்கு வந்தது. நினைக்காததுபோல இருந்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

ஞாயிறு பூசையில் மாக்கிறேற் என்ன கேட்டு மன்றாடினாள் என்பது தெரியாது. ஆனால் மற்ற நாட்களைவிட அதிக நேரம் முழந்தாளில் இருந்தாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது நெடுந்தீவாள் வீதியில் நின்றாள். கறுப்புச் சட்டம் வெயிலில் மின்னியது. அயலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சீதேவி பாவாடையைச் சொருகிக்கொண்டு, முன்சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாக்கோப்பு, கைபிறேக்கைக் காணேல்லை," என்றார் மீன் பிடித்துவிட்டு வந்த பஸ்ரியாம்பிள்ளை. "கடல் பிடிக்கும் எண்டு விட்டிட்டியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மாக்கிறேற் பின்சில்லைப் பார்த்தாள்.

"இவளின்ரை பிறேக் காலிலை, அண்ணை. நீங்கள் பாருங்கோவன்," என்றார் அப்பா. "சீதேவி, காத்துப் போதும். ஏறும் பிள்ளை."

"பின்சில்லுக்கு இன்னும் கொஞ்சம் அடிக்கிறன், மாமா."

"அதுக்கு இரண்டு தரம் அடிச்சுப்போட்டீர்."

"இறங்கியிருக்கும்போலை கிடக்கு," என்று சீதேவி மறுபடியும் குனிந்தாள்.

மாக்கிறேற் உள்ளே ஓடினாள். பிஸ்கற் பேணியைத் திறந்தாள். மணியைத் திருப்பிப் பிடித்தாள். அதன் அடியில், கைபிடியோடு சேர்த்துப் பூட்டும் பட்டியில் ஒரு நட் இருந்தது. ஒல்லாந்து மரை. அதே பருமன். நேற்றுப் பின்னேரம் முதல் அவள் நினைக்காமல் இருந்த இடம் அதுதான். அதைக் கழற்றினால் மணி எதிலும் நிற்காது.

கழற்றினாள்.

வீதிக்கு வந்து, ஸ்பானரோடு பின்சில்லருகில் குந்தினாள்.

"கொஞ்சம் பொறும். ஒரு வேலை மிச்சம் இருக்கு."

"நீ நேற்று முடிஞ்சுதெண்டு சொன்னாயே," என்றார் அப்பா.

"முடியேல்லை. நட் போடேல்லை, அப்பா." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "முதல் ஓட்டத்தை அவளுக்குக் குடுத்தீங்கள். அதாலை போடேல்லை. பிறகு துலைஞ்சுபோச்சுது. இது என்ரை மணியின்ரை."

அப்பா வீதியைப் பார்த்தார். வீதி முடியும் இடத்தில் இருந்த கடலைப் பார்த்தார்.

அவள் இறுக்கி முடித்ததும் அவர் கிட்ட வந்தார். குனிந்து, ஸ்பானரை வாங்கி, அந்த நட் சரியாக இறுகியிருக்கிறதா என்று தானே ஒருமுறை பார்த்தார்.

இதுவரை அவர் அப்படிப் பார்த்ததில்லை. ஏசியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திராது.

"சரி," என்றார். "இனி ஓடலாம்."

அவர் தள்ளிப் போனதும் சீதேவி மெல்லச் சொன்னாள்: "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலமை உருட்டிக்கொண்டு வரேக்கை 'டிக் டிக்' எண்டு கேட்டுது. குனிஞ்சு பாத்தன். போல்ட் தொங்கிக்கொண்டு கிடந்தது."

"பிறகேன் ஏற நிண்டனீர்?"

"ஆர் ஏற நிண்டது? காத்தெல்லோ அடிச்சுக்கொண்டு நிண்டனான். மூண்டு தரம். இன்னொருக்கால் அடிச்சிருந்தால் ரியூப் வெடிச்சிருக்கும்."

"அப்பாவிட்டைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் உமக்கெல்லோ ஏசுவார். நீர் வந்து போடுவீர் எண்டு நினைச்சன்."

மாக்கிறேற் அவளைப் பார்த்தாள். இந்த விஷயத்திலும் சீதேவி தன்னை முந்திவிட்டாள் என்று நினைத்தபோது, அவளுக்கு உண்மையில் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. ஆனால் நண்டு பிடியைத் தளர்த்தியிருந்தது.

சீதேவி இருக்கையில் ஏறினாள். "நீரும் பின்னாலை ஏறும்."

"நான் ஏன்?"

"மணி பூட்டேல்லையே. ஆர் அடிக்கிறது?"

மாக்கிறேற் கரியரில் ஏறினாள். ஒரு கையால் சீதேவியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் மணியை வைத்துக்கொண்டாள்.

நெடுந்தீவாள் ஓடினாள். சில்லு நெளியவில்லை. சங்கிலி சத்தம் போடவில்லை. வீதியில் ஓர் ஆடு படுத்திருந்தது. கிணிங் கிணிங். ஆடு எழும்பி வழி விட்டது. பஸ்ரியாம்பிள்ளையின் வலைகளைத் தாண்டினார்கள். சரிவு வந்தது. சைக்கிள் தானாக வேகம் பிடித்தது. சீதேவியின் விரல்கள் கைபிடியில் இல்லாத பிறேக்கைத் தேடின.

"கையை விடு. காலாலை," என்றாள் மாக்கிறேற் காதுக்குள். "இப்ப. பின்னாலை மிதி."

சீதேவி மிதித்தாள்.

சைக்கிள் நின்றது. முன்சில்லுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கும் இடம் இருந்தது.

"பிடிச்சுது," என்றாள் சீதேவி, மூச்சு வாங்க.

"பிடிக்கும். நானெல்லோ பூட்டினது."

இருவரும் இறங்கினார்கள். அங்கிருந்து பார்த்தபோது அப்பா சின்னதாகத் தெரிந்தார். அவர் கையை உயர்த்திக் காட்டினார்.

"திரும்பிப் போகேக்கை நான் ஓடுறன்," என்றாள் மாக்கிறேற். "நீ மணி அடி."

சீதேவி மணியை வாங்கினாள். காற்றாலையைத் தடவிப் பார்த்தாள். ஒருமுறை அடித்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இதுவும் கொஞ்சம் சுருதி இறங்கித்தான் இருக்கு," என்றாள்.

"பேசாமல் ஏறு," என்றாள் மாக்கிறேற்.