ஆடு தொடாத இலை

“வெள்ளிக்கிழமைக்குள்ள என் குதிரை முதுகிலே ஒரு புழுகூட இருக்கக் கூடாது. இருந்தா சங்கிலிக்கு விடுதலை கிடையாது!” என்றார் ஜமீன்தார்.

குதிரைக்காரன் சங்கிலி அரண்மனைக் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்தான். சேணம் உரசிய புண்ணில் புழு வைத்துவிட்டது. பழி அவன் தலையில் விழுந்தது.

அவன் தங்கை உலகம்மை அன்றே கிளம்பிவிட்டாள். புண்ணில் புழுவை விரட்ட ஆடுதின்னாப்பாளைக் கொடி வேண்டும். மழையில்லாத வருஷம். பச்சை என்று ஏதாவது மிச்சமிருந்தால் பேய்ப்பள்ளத்தின் அடியில்தான்! துணைக்கு வந்தவன் மாடக்கண்ணு. அண்ணனோடு ஒரே தட்டில் சோறு தின்ற கூட்டாளி. அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

“கயித்தை நான் பிடிச்சுக்கிடுதேன். நீ தைரியமா எறங்கு தங்கச்சி!”

இறங்கினாள். பாறை உள்ளங்கையைக் கிழித்தது. கண்ணில் பட்ட கொடியை அவசரமாகப் பறித்து, மூட்டையாக்கி, கயிற்று நுனியில் கட்டி அனுப்பினாள். மூட்டை மேலே போனது. போன கயிறு திரும்பி இறங்கவில்லை!

“அண்ணே! கயிறு!”

“இனிமே குதிரைக்காரன் நான்தான்! உங்க அண்ணனை மறந்துரு!”

உலகம்மை உட்கார்ந்து அழுதாள். பாவி! வழியில் தன் பங்குக் கஞ்சியையும் இவனுக்குத்தானே ஊற்றினாள்!

அருகில் ஏதோ கத்தியது. ஓர் ஆடு! அவள் பறித்து மிச்சம் விட்ட கொடியை மென்றுகொண்டிருந்தது. ஆடு தின்கிறதா? அப்படியானால் இது பாளையே இல்லை! ஆடு பக்கத்துக் கொடியை முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“அடி என் தாயி! இதுதான்!”

மடி நிறையப் பறித்தாள். ஆடு இறங்கிய வழி ஒன்று இருக்கத்தானே வேண்டும்! அதை விரட்டினாள்; அது தாவிய பாறைகளிலேயே தொற்றி ஏறி, ஆட்டோடு அரண்மனைக்கு ஓடினாள்.

முற்றத்தில் ஜமீன்தார் முன்னால் இலை அரைத்துக்கொண்டிருந்த மாடக்கண்ணு, அவளைக் கண்டு விறைத்துப் போனான்.

“ஐயா, ரெண்டு இலையையும் இந்த ஆட்டுக்கு நீட்டிப் பாருங்க!”

மாடக்கண்ணுவின் இலையை ஆடு ஆசையாய்த் தின்றது. அவள் இலையைக் கண்டு பின்வாங்கியது. முற்றமே சிரித்தது. மாடக்கண்ணு தலை தெறிக்க ஓடினான்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசிப் புழுவும் உதிர்ந்திருந்தது. சங்கிலி வெளியே வந்தான்.

“மாடக்கண்ணு எங்கட்டி? அவன் வரலியா?” என்றுதான் முதலில் கேட்டான். உலகம்மை கிழிந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அதன் பிறகும் பச்சிலை தேடிப் பள்ளங்களில் இறங்கினாள். கயிற்றின் நுனியை மட்டும் ஆள் கையில் கொடுப்பதில்லை. மரத்தில் கட்டி, முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.