சந்தனம் வைத்த ஊகக்கண்

நாலாம் மாடி நடையில் ரெஜினா ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தபோது, கீழே காவலாளி சென்னியப்பனைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோவை அவினாசி சாலையில் இருக்கும் அந்த வைர வணிகக் கட்டடத்தில் பல வருடமாகக் காவல் இருந்தவர். ஆயுத பூஜை அன்று பெட்டக அறையிலிருந்து ஒரு வைரப் பொட்டலம் காணாமல் போயிருந்தது. அன்று மதியம் மூன்று மணிக்கு அந்த அறையைக் கடந்து போனது அவர் ஒருவர்தான் என்று அந்த நாலாம் மாடி நடையில் இருந்த ஊகக்கண் கேமரா காட்டியது. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மயக்கத்தில் கார் நிறுத்தத்திலேயே தூங்கிவிட்டேன் என்று அவர் அழுதார். கண் காட்டியதை விட்டுவிட்டு அவர் பேச்சை எவன் நம்புவான்? சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் ஜெயில்தான்.

ஊகக்கண் வருவதற்கு முன்னால், கேமராவில் தூசி படிந்தால் படம் மங்கும், மாதா மாதம் ஆள் வந்து துடைக்க வேண்டும். இதற்கு அந்தத் தொல்லையே இல்லை. மறைந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று, தான் தினமும் பார்த்த பழக்கத்தை வைத்து, தானே வரைந்து நிரப்பிக்கொள்ளும். நிரப்பிய பகுதியைச் சிவப்பில் காட்டும் வசதியும் இருந்தது. கண்ணை உறுத்துகிறது என்று வாங்கிய புண்ணியவான்களே அதை அணைத்துப் போட்டார்கள். பராமரிப்புக்கு வருடத்தில் ஒரு தடவை ஆள் வந்தால் போதும். அந்த ஒரு தடவைதான் இன்று ரெஜினா வந்திருந்தாள்.

ஏணியின் உச்சியில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லென்ஸ் முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துக் காய்ந்து கிடந்தது. ஆனால் அவள் கையிலிருந்த சின்னத் திரையில் நடை பளிச்சென்று தெரிந்தது. அந்தப் படத்தில் ஏணியும் இல்லை, அவளும் இல்லை.

மேலாளர் தண்டபாணியைக் கூப்பிட்டுக் கேட்டாள். பூஜை அன்று காலையில் கட்டடத்தின் எல்லாக் கண்களுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்ததாக அவர் பெருமையாகச் சொன்னார். கேமராவும் நமக்கு ஆயுதம்தானே என்றார். ரெஜினா லென்ஸுக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டே திரையை அவரிடம் நீட்டினாள். காலியான நடையைப் பார்த்து அவர் முகம் வெளிறியது.

"அப்போ அன்னைக்கு சென்னியப்பன் இங்க வரவே இல்லீங்களா?"

"இதுக்கு எப்படி சார் தெரியும்? தினமும் மூணு மணிக்கு ஒழுங்கா ரோந்து வந்த மனுசன், அன்னைக்கும் வந்திருப்பாருன்னு அதுவா நெனச்சுக்கிச்சு."

ஒரு நாள்கூடத் தவறாமல் வேலை பார்த்ததுதான் அந்த மனிதர் செய்த குற்றம். தண்டபாணி அங்கேயே நின்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். தப்பு என்னுடையது, அவரை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். யார் குரலையும் யாரும் போலி செய்யலாம் என்று ஆனபிறகு, போனில் பேசுகிறவரை ஊகக்கண்ணில் சரிபார்க்காமல் போலீஸ் எதையும் ஏற்பதில்லை. மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"தண்டபாணி சார் அவரு ரூம்ல உக்காந்து டீ குடிச்சுட்டு இருக்காரு," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் பார்த்துட்டேதான் இருக்கேன். நீ யாருடா?"

தண்டபாணி தன் பெயரையே இரண்டு தடவை திக்கித் திக்கிச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. சென்னியப்பனுக்கு வெளியில கூட்டாளி இருக்கான்னு இப்பதான் தெரியுது. அதையும் சேர்த்து எழுதிக்கறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. தண்டபாணி ரெஜினாவின் கையிலிருந்த ஈரத் துணியைப் பிடுங்கிக்கொண்டு, தன் அறைக் கண்ணைத் துடைக்க மாடிப்படியில் விழுந்தடித்து ஓடினார். ரெஜினா திரையில் அந்த அறையை எடுத்துப் பார்த்தாள். அங்கே தண்டபாணி டீ டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, தினமும் செய்கிறபடி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.