மாலுவா அரங்கின் லெவல் புத்தகம்

1976 ஜூலை 9, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 1.20.

அலுமாரியின் மேல்தட்டு வெறுமையாக இருந்தது. விக்னராஜா கையை விட்டுத் துழாவினார். தூசிதான் விரலில் ஒட்டியது. லெவல் புத்தகத்தைக் காணவில்லை.

மாலுவா என்ற பசிபிக் தீவில் கட்டவிருந்த உதைபந்தாட்ட அரங்குக்காக, ஆறு வாரம் கொசுக்கடியில் அலைந்து அவர் எடுத்த அளவுகள் அதில் இருந்தன. மைதானம், பக்கத்துச் சந்தை, தேவாலயம், கொப்பறாத் தேங்காய்க் கிட்டங்கி எல்லாவற்றின் உயரமும், கடல் ஏறி வற்றும் மட்டங்களும். திங்கட்கிழமை தீவுக்காரர் வந்து அதை வைத்துத்தான் வரைபடங்களைச் சரிபார்ப்பார்கள். வேறு பிரதி கிடையாது.

சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தப் பொறியியல் அலுவலகத்தில் அலுமாரிச் சாவி மூவரிடம் இருந்தது. மனேஜர் வில்கின்ஸ், இங்கிலாந்திலிருந்து போன மாதம் வந்தவர். சாப்பாட்டு நேரம் முழுக்கப் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தார். சேஷாத்ரி, மெட்ராஸிலிருந்து வந்து மூன்றே வாரமான வடிகால் பொறியாளர். மூன்றாமவர், படம் வரையும் விக்னராஜா, அந்த நேரத்தில் ரயில் மேடையில் தனியாக இருந்தார். சாட்சி இல்லை.

1.45. பதினொரு பேர் பார்த்திருக்க வில்கின்ஸ் கத்தினார்.

“போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டீர்! நீர் எடுத்ததைச் சேஷாத்ரி பார்த்திருக்கிறார். நாலு மணிக்குள் ராஜினாமாவில் கையெழுத்து. இல்லையென்றால் போலீஸ்.”

“கையெழுத்து வைக்கமாட்டேன்,” என்றார் விக்னராஜா. “போலீஸைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் நாலு மணிவரை எனக்கு வேலை இருக்கிறது.”

கள்ளன் என்று பெயரெடுத்தவனுக்குச் சிட்னியில் எந்த வரைகூடமும் கதிரை போட்டு வேலை தராது. அது அவருக்குத் தெரியும். தன் மேசையில் போய் இருந்தார். தெற்குச் சுவரில் நாலு பெரிய ஜன்னல்கள், அவற்றின் கீழ் படம் வரைபவர்களின் மேசைகள், மூலையில் அலுமாரி. காலைமுதல் மாலைவரை ஒரே சீரான வெளிச்சம். அந்த ஜன்னல்களுக்கு யாரும் திரைகூடப் போட்டதில்லை.

2.20. தேநீர் மூலை. தட்டெழுத்தாளர் கமலினி குறிப்புப் புத்தகத்தோடு உட்கார, விக்னராஜா கேட்கத் தொடங்கினார்.

“மிஸ்டர் சேஷாத்ரி, எத்தினை மணிக்கு என்னைக் கண்டனீங்கள்?”

“பன்னண்டே முக்கால்.”

“எங்கையிருந்து?”

“வாசல்கிட்டேர்ந்து. கை அலம்பிண்டு வந்தேன். அலமாரிகிட்ட நின்னேள். புத்தகத்தை எடுத்துப் பையில வச்சேள்.”

“முகம் தெரிஞ்சதோ?”

“சரியாத் தெரியலை. உங்களுக்குப் பின்னாடி ஜன்னல் வழியா வெயில் என் கண்ணைக் குத்தித்து. ஆனா அந்தப் பழுப்புக் கோட்டை வேற யார் சார் போட்டுப்பா?”

“அண்ணையின்ர கோட்டுக்கு என்ன குறை?” என்றாள் கமலினி, தலை நிமிராமல்.

“மேகம் ஏதும் இருந்ததோ?” என்று விக்னராஜா தொடர்ந்தார்.

“ஒரு பொட்டுகூட இல்லை.”

“உங்கட மேசை எங்க?”

“உள் ரூம்ல. ஜன்னலே கிடையாது. குகை மாதிரி.”

விக்னராஜா எழும்பினார். “கமலினி, ஒரு சொல்லும் மாத்தாமல் இங்கிலீஷில டைப் பண்ணும். அவரிட்டைக் கையெழுத்தும் வாங்கும்.”

“ஓம் அண்ணை.”

3.00. சேஷாத்ரி வரைந்த வடிகால் படத்தை விரித்தார். தண்ணீர் வெளியேறும் வாய் சந்தைப் படிக்கட்டின் அடிக்கல்லுக்கும் கீழே இருந்தது. அமாவாசைப் பெருக்கில் அதே படிக்கட்டின் இரண்டாம் கல்வரை கடல் ஏறியதை அவர் முழங்கால் நனைய நின்று பார்த்தவர். படத்தை மெதுவாகச் சுருட்டினார்.

3.50. வில்கின்ஸின் அறை. சேஷாத்ரியும் இருந்தார்.

“இந்த வாக்குமூலத்தை வாசியுங்கள். பிறகு கண்ணாடிக் கதவு வழியாக அலுமாரிப் பக்கத்து ஜன்னலைப் பாருங்கள்.”

“வாசித்தேன். வெயில் கண்ணைக் குத்தியிருக்கிறது. அதனால் என்ன?”

“அது தெற்கு ஜன்னல். உங்கள் ஊரிலும் அவருடைய ஊரிலும் ஜூலை மத்தியானத்தில் சூரியன் எந்தப் பக்கம் நின்றாலும் நிற்கட்டும். சிட்னியில் அது வடக்கே நிற்கும். தெற்கு ஜன்னலுக்குள் ஒரு கீற்றும் விழாது. வெயிலில் தாள் சுருளக் கூடாது என்றுதான் எங்கள் மேசைகளை அங்கே போட்டிருக்கிறார்கள். இவர் வாசலில் நின்று எதையும் பார்க்கவில்லை. குகைக்குள் இருந்து ஒரு மெட்ராஸ் ஜன்னலைக் கற்பனை செய்தார்.”

வில்கின்ஸ் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சேஷாத்ரியைப் பார்த்தார்.

“முகம் தெரியவில்லை என்பதோடு நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பார். காரணமும் சொல்லப் போனார்,” என்ற விக்னராஜா படத்தை விரித்தார். “புத்தகத்தில் கடல் வற்றும் மட்டத்தைப் பார்த்து, அதையே ஏறும் மட்டமாக எடுத்துவிட்டார். இப்படிக் கட்டினால் அமாவாசைக்கு அமாவாசை கடல் மைதானத்துக்குள் வந்து பந்தாடும். திங்கட்கிழமை புத்தகத்தைத் திறந்தால் அகப்பட்டுக்கொள்வார். சேஷாத்ரி, புத்தகம் எங்கே?”

“என் பெட்டியிலதான் சார் இருக்கு. வந்த மூணாம் வாரமே இப்படி ஒரு தப்புன்னா, திருப்பி அனுப்பிடுவாளேன்னு பயந்துட்டேன்.”

“பயந்தால் என்ர கழுத்தோ கிடைச்சது?” என்று விக்னராஜா தமிழிலேயே கேட்டார். பிறகு சேஷாத்ரி சொன்னதை வில்கின்ஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

வில்கின்ஸ் தொண்டையைச் செருமினார். “நல்லது. புத்தகம் கிடைத்துவிட்டது. நடந்ததை மறந்துவிடுவோம். நீர் வீட்டுக்குப் போகலாம்.”

“மறப்பதா இல்லையா என்பது என் பாடு. பதினொரு பேர் முன்னால் என்னைக் கள்ளன் என்றீர்கள். அதே பதினொரு பேர் இன்னும் வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள். அதுவரை நான் வீட்டுக்குப் போகமாட்டேன்.”

வில்கின்ஸின் கழுத்துச் சிவந்தது. பிறகு அவர் கதவைத் திறந்து கூடத்துக்குப் போனார். பேனைகள் நின்றன.

“மிஸ்டர் விக்னராஜா புத்தகத்தை எடுக்கவில்லை,” என்று முணுமுணுத்தார். “தவறு என்னுடையது.”

“கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், சேர்,” என்றாள் கமலினி. “கடைசி மேசைக்குக் கேட்கவில்லை.”