உலைக்கல்லில் முளைத்த கீரை

பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் கவரைப்பேட்டையில் நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம் அதுதான். மின்விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது, பக்கத்து வீட்டு டிவி பாதிப் பேச்சில் அடங்கியது, தெருக்கோடி மாவு மிஷின் முனகிக்கொண்டே ஓய்ந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த குணா, வேர்வையில் பனியன் முதுகோடு ஒட்ட, கண்ணைத் திறக்காமலே கரண்ட்காரன் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். திட்டி முடித்த பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பம்பு ஓடினால்தான் அந்தத் தண்ணீர் ஓடும். கரண்ட் இருந்தால்தான் பம்பு ஓடும்.

"ஜோதி! பின்னால எவன் ஒயர மாத்திக் குத்தனது?"

"எவனும் வரல. இன்னாத்துக்குக் கத்துறீங்க? கொழந்த தூங்குது," என்றாள் சமையலறையிலிருந்து அவன் மனைவி ஜோதிலட்சுமி.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். சுவரோரம் பெரிய நீல டிரம், அதில் ஜிலேபி மீன்கள். அதற்கு மேலே இரும்பு ஸ்டாண்டில், நெடுக்காக அறுத்த பாதி டிரம்மில், ஓர் அடி ஆழத்துக்குக் கறுத்த கற்கள், கற்களுக்கிடையே முளைக்கீரை. குழாயிலிருந்து தண்ணீர் கற்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பம்பின் பிளக்கோ சுவரில் இல்லை, தரையில் கிடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நின்றது. சொட்டுக்கூட இல்லை. பழைய இரும்பு உருகும்போது வரும் நாற்றம் மூக்கில் ஏறியது. இருபது வருஷமாக உலைப் பக்கத்தில் நிற்பவன் மூக்கில் அது எப்போதும்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிளக்கை ஓர் உதை விட்டு உள்ளே போனான்.

இந்த மீன்தொட்டிக் கூத்தெல்லாம் மகளுக்காகத்தான். வெண்ணிலாவுக்கு ஐந்து வயது. தொழிற்பேட்டைப் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்த கீரையைத் தின்று தின்று குழந்தையின் கையெல்லாம் தடிப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். குணாவுக்கு வந்ததே கோபம். ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தான். மீன் கழிவு கீரைக்கு உரம், கீரை சுத்தம் செய்த தண்ணீர் திரும்பவும் மீனுக்கு, மண்ணே வேண்டாம் என்று போட்டிருந்தது. மீன் விடுமுன் ஒரு மாதம் வெறும் தண்ணீரை ஓடவிடுங்கள் என்றும் போட்டிருந்தது. யாருக்குப் பொறுமை? முதல் நாளே முப்பது மீன் விட்டான். மறுநாள் பதினொன்று மல்லாந்து மிதந்தன. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவனைத் திட்டினான்.

கீரைப் படுகைக்குச் சரளைக்கல் போடச் சொல்லியிருந்தது. குணா சரளைக்கல் போடவில்லை. இரும்பு உருக்கும்போது மேலே மிதக்கும் கசடை வழித்துக் கொட்டுவார்கள், அது ஆறிக் கல்லாகிவிடும். கும்மிடிப்பூண்டியில் பள்ளம் தூர்க்க, ரோடு போட, வீட்டுத் தளம் ஏற்ற எல்லாவற்றுக்கும் அந்த உலைக்கல்தான். அவன் வேலை பார்க்கும் உருக்காலையின் பின்பக்கம் குவியல் குவியலாகக் கிடந்தது. அவன் மூட்டையில் அள்ளும்போது கிரேன் ஓட்டும் சாலமோன் கிட்டே வந்து நின்றான்.

"குணா சார், இந்தக் குவியல்ல வேணாம். அது அன்னிக்குக் கொட்டனது. வேறதுல எடுத்துக்கோங்க."

"என்னிக்குக் கொட்டனது?"

சாலமோன் உலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். குணாவுக்கே தெரியும். பழைய இரும்பைத் தள்ளிக்கொண்டிருந்த எளாவூர் அப்பாவு உலைக்குள் விழுந்த அன்று கொட்டியது. கண் சிமிட்டும் நேரம். எலும்புகூட மிஞ்சவில்லை. காண்ட்ராக்ட் ஆள், பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது. ஷிப்ட் சூப்பர்வைசர் குணாதான். அன்றைக்கு அந்த ஆள் டூட்டிக்கே வரவில்லை என்று ஆபீசில் சொல்லச் சொன்னார்கள், சொன்னான். போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னான். இப்போது அந்தக் குவியலை விட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்தால், நடந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? சாலமோன் பார்த்துக்கொண்டு வேறு நின்றான். அந்த வீம்பில்தான், வேண்டுமென்றே, அதே குவியலிலிருந்து மூன்று மூட்டை அள்ளினான்.

கல் போட்ட பிறகு ஒரு மீனும் சாகவில்லை. விதை தூவிய நாலாம் நாளே கீரை ஒரு சாண் நின்றது. தெருவே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. ஜோதிதான் முகத்தைச் சுளித்தாள்.

"தண்ணி சுடுதுங்க. வெயில்னு சொல்லாதீங்க, விடிகாலையில கை வச்சேன், அப்பவும் சுடுது. இந்தச் சூட்டுல மீனு எப்டிங்க உசுரோட கீது?"

"உசுரோட இருந்தா உனக்கு இன்னா கஷ்டம்? செத்தாலும் பேசுற, பொழச்சாலும் பேசுற!"

அவளிடம் கத்தினான், மீனிடம் கத்தினான், கம்பெனி வாசலில் தினமும் உட்கார்ந்திருந்த அப்பாவுவின் மனைவி அஞ்சம்மாளிடமும் கத்தினான். அவள் அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஷிப்ட் விட்டு வரும்போதெல்லாம் எழுந்து நின்று ஒரே கேள்வி கேட்டாள். "அன்னிக்கு அவரு வந்தாரா சார்?" வரல என்பான். உட்கார்ந்துவிடுவாள். அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பிக்கொண்டே இன்னும் கத்தினான். மூன்று வாரமாக இதுதான்.

கரண்ட் இல்லாமல் தண்ணீர் ஓடியதற்கு மறுநாள், அதே இரண்டு மணி. மின்விசிறி நின்றது. டிவி நின்றது. மாவு மிஷின் நின்றது. பின்னால் தண்ணீர் ஓடியது. குணா பாயில் எழுந்து உட்கார்ந்தான். பம்பைக் காலையிலேயே கழற்றிப் பரண்மேல் வைத்திருந்தான். அண்ணாந்து பார்த்தான். பரணில்தான் இருந்தது. தண்ணீர் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது, கல்லோடு கல் உரசும் சத்தம், அள்ளுவதும் தள்ளுவதுமாக, மூச்சு வாங்க யாரோ வேலை செய்கிற சத்தம்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சாலமோன். அவனுக்குப் பின்னால் அஞ்சம்மாள்.

"நான் இவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் சார்," என்றான் சாலமோன். "ஆனா கிரேன்காரன் பேச்ச எவன் எடுத்துக்குவான்? சூப்பர்வைசர் நீங்க. உங்க வாயால ஒரு வார்த்த வந்தாத்தான், இவங்க புருஷன் செத்தாருன்னாவது ஆவும். நானும் ரெண்டு புள்ளக்காரன், ராத்திரில தூக்கம் வரல சார்."

"எவன்டா உன்ன இவள இட்டுக்கினு என் ஊட்டுக்கு வரச் சொன்னது? வேல போவும், தெரியுமா? ஜெயிலுக்குப் போறது நீயா நானா?"

"நைனா," என்று பின்பக்கமிருந்து வெண்ணிலா கூப்பிட்டாள்.

சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். அதனால்தான் குணா பாதிப் பேச்சில் நிறுத்தினான். ஓடினான்.

குழந்தை ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தாள். வலது கை கற்களுக்குள் மணிக்கட்டு வரை புதைந்திருந்தது. கீரையெல்லாம் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கீரை பறிச்சேன் நைனா. உள்ள கை மாட்டிக்கிச்சி. உட மாட்டேங்கறாங்க."

"யாரு? யாரு உட மாட்டேங்கறாங்க?"

அவள் கல்லைப் பார்த்தாள்.

குணா கையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கல்லை வாரினான். கொதித்தது. உள்ளங்கை தோல் வழன்று கல்லோடு போனது. விடாமல் வாரினான். கல்லுக்கடியில் வேர். வெள்ளை வேர், தடித்தடியாக, குழந்தையின் விரல்களுக்கிடையே ஐந்தாகப் பிரிந்து, கோத்துக்கொண்டு. பிய்த்தான். பிய்த்த இடத்தில் மீண்டும் சுற்றியது. வாரிய கல்லெல்லாம் திரும்பவும் அங்கேயே கிடந்தது. கீழே டிரம்மில் மீன்கள் வாயை மேலே தூக்கி, அத்தனையும் ஒரே பக்கம் பார்த்து, அசையாமல் நின்றன.

ஜோதி ஓடிவந்து குழந்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினாள். சாலமோன் ஸ்டாண்டைப் பிடித்து உலுக்கினான். அசையவில்லை.

அஞ்சம்மாள் பின்வாசலில் நின்றாள். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. கற்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அன்னிக்கு அவரு வந்தாரா சார்?"

தண்ணீர் நின்றது.

கல் உரசும் சத்தம் நின்றது. தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வேர்கள் கொஞ்சம் தளர்ந்தன. குழந்தையின் சுண்டுவிரல் வெளியே வந்தது. குணா பார்த்தான். சத்தியமாகப் பார்த்தான்.

சொல்லிவிட வேண்டியதுதான். வந்தான் என்று ஒரே ஒரு சொல். நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் தலைக்கேறுகிற அந்தப் பாழாய்ப்போன கோபம், மூன்று வாரமாக ஒரே பதிலைத் துப்பித் துப்பிப் பழகிய வாய், அவனை முந்திக்கொண்டது.

"வரலம்மா!"

தன் குரல் தன் காதில் விழுந்த பிறகுதான் உறைத்தது.

"இல்ல, வந்தான்! வந்தான்மா! நான் பாத்தேன், என் கண்ணெதிர்ல..."

யாரும் கேட்கவில்லை. ஜோதியின் பிடியிலிருந்து குழந்தை நழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. வெண்ணிலா கன்னத்தைக் கற்களின் மேல் சாய்த்துக்கொண்டாள். கன்னத்தைச் சுற்றி ஆவி எழும்பியது. அவள் அழவில்லை, உள்ளே யாரோ பேசுவதை உற்றுக் கேட்பவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

குணா மண்டியிட்டுப் படுகைக்கு அடியில் பார்த்தான். அந்தப் பாதி டிரம்மின் ஆழம் ஒரே அடி. அதற்குக் கீழே வெறும் காற்று. குழந்தையின் கை முழுவதும் உள்ளே போயிருந்தது, அடியில் எங்கேயும் வெளியே வரவில்லை. சூட்டில் இளகிய அந்த டிரம்மின் பிளாஸ்டிக் அடியில், உள்ளேயிருந்து, ஐந்து விரல்கள் மெல்ல அழுந்திப் பதிந்தன. அவற்றின் பக்கத்தில் இன்னும் ஐந்து, பெரிய விரல்கள்.