சைலன்சர் வெடித்த தெரு

டமார்... டமார்...

ரோஹிணி அடுப்பை அணைத்தாள். செருப்பைத் தேடவில்லை. அப்படியே தெருவுக்கு ஓடினாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மட்டுமா... வீட்டுக்கு ஒருவராகத் தெருவே வெளியே வந்து முனையை நோக்கி விரைந்தது. மராத்தி பேசும் ஊரான கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையை நம்பி வாழும் இந்தத் தமிழ்த் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேளையில்லாத வேளையில் வெடிச் சத்தம் கேட்டால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். பிறகு தெருமுனையில் போய் நிற்க வேண்டும். தொழிற்சாலையின் அபாயச் சங்கு, அதாவது 'போங்கா', ஊதுகிறதா என்று காதுகொடுக்க வேண்டும். ஊதாவிட்டால் உள்ளே எல்லோரும் நலம். ஊதிவிட்டால்... அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

ரோஹிணியின் அம்மா ருக்மிணி அந்நேரம் மருந்து நிரப்பும் பிரிவில் வேலையில் இருந்தாள்.

போங்கா ஊதவில்லை. முனையில் ஒரு கறுப்பு ரேஸ் பைக்தான் உறுமிக்கொண்டு நின்றது. அதன்மேல் நனைந்த தலையோடு ஒருவன். பெரிய கண்கள்... இமை நுனியில் மழைத்துளிகள்... கூட்டத்தைப் பார்த்ததும் அந்தக் கண்கள் மலர்ந்தன.

"எப்படீங்க சவுண்டு?" என்றான். "சைலன்சர் நானே வெல்டு வெச்சதுங்க."

தெருவே தன் வண்டியை ரசிக்க ஓடிவந்திருப்பதாக நினைத்துக்கொண்டான், பாவி. ரோஹிணிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. அழகான கண்கள் வேறு. அதுவும் சேர்ந்து எரிச்சலைக் கிளப்பியது.

"தமாஷா காட்டுறீங்களா? எங்கம்மா அந்த கேட்டுக்கு உள்ள இருக்காங்க. இங்க நிக்கிறவங்க வீட்டு ஆளுங்களும் அங்கதான். டமார்னு கேட்டா எங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியுமா?"

"வெடி இல்லீங்க அது. பெட்ரோல் கொஞ்சம் கம்மியா..."

"எனக்குக் கிளாஸ் எடுக்காதீங்க. நான்தான் டீச்சர்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சுருங்கியது. "ரோடு எல்லாருக்கும் பொதுதானுங்களே..." என்று முணுமுணுத்தான்.

அவனுக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்த சுப்பையா குடையோடு முன்னால் வந்தார். "ஸ்ரீவத்சன் தம்பி, ரோடு பொதுதான். வீடு என்னுது. இன்னொரு தடவ இந்தச் சத்தம் கேட்டா, சாமானைக் கட்டிக்க."

கோயம்புத்தூர்க்காரன், பக்கத்து ஊரான சாகணில் கார் தொழிற்சாலை எஞ்சினியர், வந்தே ஒரு வாரம்தான் ஆகிறது. இதெல்லாம் ரோஹிணிக்குத் தெருவே சொன்னது. அவளாகக் கேட்கவில்லை... கேட்கவே இல்லை.

மறுநாளிலிருந்து வண்டிச் சத்தம் இல்லை. மெயின் ரோட்டிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, மழையில் தள்ளிக்கொண்டே வந்தான். ஜன்னலோரம் நோட்டுத் திருத்த உட்கார்ந்தவள், அவன் வீடு போய்ச் சேரும்வரை ஒரு கணக்கைக்கூடத் திருத்தியதில்லை.

"நல்ல பையன்டி" என்றாள் அம்மா. "ஷிப்ட் முடிஞ்சு வர்றேன், கேட்டாண்ட வந்து நின்னு சாரி சொல்றான்."

"ஓடினது நான். சாரி உனக்கா?"

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் வாங்கப் போனால், கடைக்கார சேவியர் கையை விரித்தார். "மொத்தத்தையும் அந்த பைக்வாலா அள்ளிட்டுப் போயிட்டாம்மா."

நேரே சுப்பையா வீட்டு முற்றத்துக்குப் போனாள். செய்தித்தாள் மேல் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு, விரலெல்லாம் கரியோடு உட்கார்ந்திருந்தான் ஸ்ரீவத்சன்.

"எங்க வீட்ல பாத்திரம் கரியோட கிடக்கு. இங்க வண்டியைத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறீங்களா?"

"சைலன்சருக்குள்ள அடைக்கங்க. சத்தத்த அது குடிச்சுக்கும்."

"பழைய சைலன்சரை மாட்டித் தொலைய வேண்டியதுதானே?"

"துரு தின்னு ஓட்டையாயிருச்சுங்க. புதுசு வாங்கற வசதியில்ல. அதான் நானே செஞ்சேன். புகை போற வழியப் பெருசு பண்ணிட்டு, பெட்ரோல் வர்ற வழிய அப்படியே விட்டுட்டேன். தப்பு அங்கதான்." ஊசி போன்ற ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "இதுக்கடியில சின்னதா ஒரு வாஷர் வெச்சு ஊசியக் கொஞ்சம் ஏத்தினா, பெட்ரோல் கூட வரும். வெடிக்காதுங்க."

"எங்கம்மாகிட்ட மட்டும் சாரி சொன்னீங்க."

"உங்ககிட்ட வந்தா திட்டுவீங்கன்னு..."

"திட்டாம கொஞ்சுவாங்களா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்புறம் அந்தத் தள்ளுற வேலை" என்று அவசரமாகப் பேச்சை மாற்றினாள். "தினம் நனைஞ்சுக்கிட்டே தள்ளிட்டு வந்து, எங்களை ராட்சசிங்களாக் காட்டுறீங்க."

"தினம் பாக்கறீங்களா?"

விடுவிடுவென்று திரும்பி நடந்தாள்.

ஞாயிறு மாலை சோதனை. முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லியிருந்தான். சுப்பையா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முனையில் நின்றார். வெடித்தால் வீடு காலி. அன்று வெறுங்காலோடு நின்ற அதே இடத்தில் ரோஹிணி நின்றாள். அன்று அம்மாவுக்காக அடித்துக்கொண்ட நெஞ்சு இன்று இவனுக்காக ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? என்ன அநியாயம் இது...

வண்டி சீறி வந்தது. முனையில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று தளர்த்தினான்; வெடித்தால் இப்போதுதான் வெடிக்கும். ரோஹிணி கண்ணை மூடிக்கொண்டாள்.

புர்ர்ர்... அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு முனகல். வேறொன்றுமில்லை.

"சரி, இருந்துக்க" என்று சுப்பையா உள்ளே போனார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"எப்படீங்க சவுண்டு?" அதே கேள்வி. இப்போது குரல் தாழ்ந்திருந்தது.

"நல்லாவே இல்ல." அவள் கண்ணில் நீர் முட்டியது. "தள்ளிக்கிட்டு வந்தப்பவாவது ஜன்னல்லேர்ந்து ஆற அமரப் பார்ப்பேன். இனிமே சர்ருன்னு போயிடுவீங்க. நான் என்னத்தப் பார்க்கறது?"

ஸ்ரீவத்சன் அவள் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு எல்லாரும் என் வண்டியப் பாக்கறாங்கன்னு நெனச்சனுங்க. அப்புறம் நீங்க ஓடி வந்தீங்க... வண்டியே மறந்துபோச்சு. சாரிங்க. இது உங்களுக்கு மட்டும்."

சாவியைத் திருகினான். எஞ்சின் அடங்கியது. இறங்கி, மெல்லத் தள்ளத் தொடங்கினான்.

"நல்லா ஓடுற வண்டியை எதுக்குத் தள்றீங்க?" என்று கோபமாகவே கேட்டாள் ரோஹிணி. கால்கள் மட்டும் அவன் பக்கத்திலேயே நடந்தன.

"பாக்கணும்னீங்களே..."